ஏக்கருக்கு எத்தனை டன்? – பரோலோ குன்றில் ஒரு கம்பத்துக்காரன்

2017 டிசம்பர். வேலைக்காக இத்தாலியின் டூரினுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கூட வேலை பார்க்கும் நண்பன், டூரின் இருக்கும் பியெமோண்டே மாநிலத்தில் இருந்துகொண்டு இந்த ஊர் பரோலோ ஒயினைக் குடிக்காமல் இருப்பது பாவம் என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தான். சரி என்று 38 யூரோ கொடுத்து 2013-ஆம் வருடத்து பாட்டில் ஒன்றை வாங்கினேன். அன்று வீட்டில் மட்டன் குழம்பு, அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள் போட்டது. தக்கையைப் பிடுங்கினேன், உடனே ஊற்றினேன், ஒரு வாய் குழம்புச் சோறு, ஒரு வாய் ஒயின். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கு இழுத்துக்கொண்டது. அதற்குமேல் மிளகாய் எரிச்சல் இரண்டு மடங்கு. 38 யூரோவை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் நண்பன் வந்தான். அடுப்பு மேடையில் பாதி பாட்டில் தக்கை செருகியபடி நின்றது. ஒரு கிளாஸில் ஊற்றி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். அதே ஒயின்தான், ஆனால் வேறு ஆள். ரோஜா வாசனை, அதன் அடியில் புதிதாகப் போட்ட தார் ரோட்டின் வாசனை, துவர்ப்பு அப்படியே இருந்தும் குத்தவில்லை. "நீ இதைத் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பியிருக்கிறாய்" என்று சிரித்தான். "வா, என் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அவரிடம் திட்டு வாங்கினால்தான் உனக்குப் புரியும்."

துவர்ப்பு என்ற சொல் நம்மிடம் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. நாவல் பழம், வாழைப்பூ, பாக்கு என்று சின்ன வயதிலேயே பழகிய சுவை. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வழவழப்பு இழந்து வறண்டுபோகிறது. பரோலோவைத் தரும் நெபியோலோ திராட்சையில் டானினும் அதிகம், புளிப்பும் அதிகம். ஆனால் நிறம் மட்டும் ஏமாற்றும். ஆழ்ந்த கறுஞ்சிவப்பை எதிர்பார்த்து ஊற்றினால், செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி வெளிறிய சிவப்பு வரும். பல வருடம் போனால் ஓரத்தில் ஆரஞ்சு தட்டும். நிறத்தைப் பார்த்து லேசான ஒயின் என்று முடிவுகட்டினால் என் கதிதான்.

நண்பனின் பெரியப்பாவுக்கு செர்ராலுங்கா பக்கம் மூன்று ஹெக்டேர். டூரினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆல்பா நகரைத் தாண்டியதும் குன்றுகள் தொடங்கிவிடும். லாங்கே என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர். குன்றின் உச்சியில் ஒரு ஊர், ஒரு தேவாலயக் கோபுரம், சரிவு முழுக்கச் சீப்பு வாரியதுபோலத் திராட்சை வரிசைகள். 2014-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பரோலோ என்று லேபிளில் போட 11 ஊர்களின் திராட்சைக்குத்தான் உரிமை. அந்த ஊர்களிலும் எல்லா நிலத்துக்கும் இல்லை. பள்ளத்தாக்கின் தரையும் நேர் வடக்கு பார்த்த சரிவும் விதியிலேயே விலக்கு. விதி வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த கணக்கு இது: குளிர்காலத்தில் எங்கே பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு. மற்ற இடத்தில் டோல்செட்டோ, பார்பெரா என்ற வேறு திராட்சை ரகங்கள், அதற்கும் ஆகாத இடத்தில் ஹேசல் கொட்டை மரம்.

நான் கம்பம் பக்கத்து ஆள். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்தபடி வளர்ந்தவன். அப்பாவுக்கு இன்றும் இரண்டு ஏக்கர் பந்தல் இருக்கிறது. அதனால் அந்தப் பெரியவரின் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இவர் ஏன் இவ்வளவு இடத்தை வீணடிக்கிறார் என்பதுதான். எங்கள் ஊரில் கொடி தலைக்கு மேலே ஓடும், வருடத்துக்கு இரண்டு மூன்று அறுவடை வரும். இங்கே இடுப்பு உயரக் கம்பி வரிசை, வருடத்துக்கு ஒரே ஒரு அறுவடை. குளிர்காலக் கவாத்தில் போன வருடத்துத் தண்டு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு, ஒரே ஒரு நீளக் கிளையையும் இரண்டு கணு உள்ள ஒரு குச்சியையும் மட்டும் விடுகிறார்கள்.

2018 ஆகஸ்டில் போனபோது நடந்ததுதான் என்னை உலுக்கியது. பெரியவர் வரிசையில் நடந்துகொண்டே நல்ல குலைகளை வெட்டிக் கீழே போட்டார். அழுகல் இல்லை, பூச்சி இல்லை. நன்றாகத் திரண்ட பச்சைக் குலைகள். ஒரு கொடியில் பத்து இருந்தால் மூன்று நான்கைத் தரையில் தள்ளினார். நான் குனிந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "என் அப்பாவும் இப்படித்தான் நின்றார்" என்றார். 1980-களில் இவர் தலைமுறை இதை ஆரம்பித்தபோது பழைய ஆட்களுக்கு இது சாமி கொடுத்த சோற்றைக் காலால் எட்டி உதைப்பது மாதிரி. பசி பார்த்த தலைமுறை அது. மீதிக் குலைகளில் சாறு கெட்டிப்படும், தோல் முழுதாகப் பழுக்கும் என்பது அவர்களுக்கு எப்படிப் புரியும்?

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏக்கருக்கு எத்தனை டன்?" பரோலோவுக்குச் சட்டப்படி ஒரு ஹெக்டேருக்கு 8 டன்தான் உச்சவரம்பு. ஏக்கருக்கு மூன்றேகால் டன்கூட வராது. பெரியவர் அதையும் தொடுவதில்லை. சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாவம், கடன் ஏதும் இருக்கா?" என்றார்.

அக்டோபரில் அறுவடைக்கு இரண்டு நாள் விடுப்பு போட்டுப் போனேன். டோல்செட்டோ செப்டம்பரிலேயே முடிந்துவிடும், பிறகு பார்பெரா. நெபியோலோதான் கடைசி. காலையில் ஏழு மணிக்குத் தோட்டத்தில் நின்றால் பக்கத்து வரிசை தெரியாது, அவ்வளவு மூடுபனி. இத்தாலியனில் நெபியா என்றால் மூடுபனி. நெபியோலோ என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். ஈரம் காயும்வரை யாரும் கத்திரியைத் தொடுவதில்லை. பெரியம்மா பிளாஸ்கில் காபியும் ரொட்டியும் கொண்டுவருவார். ஒன்பது, ஒன்பதரைக்கு வெயில் மஞ்சளாக இறங்கும், பனி பள்ளத்தாக்குக்குள் ஒதுங்கும், அப்புறம் வேலை.

சரிவு என்றால் நம் தோட்டத்து வரப்புச் சரிவு இல்லை. ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே வைத்துத்தான் நிற்க முடியும். கொடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இலையை விலக்கி, காம்பைப் பிடித்து, வெட்டி, குலையைத் திருப்பிப் பார்த்து, கெட்ட மணியைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். எறியக் கூடாது. பெட்டி நிறைந்தால் இருபது கிலோ. பதினோரு மணிக்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குளவி கத்திரியின்மேல் வந்து உட்காரும். மதியம் எனக்கு இடுப்பு நிமிரவில்லை. எழுபது தாண்டிய பெரியம்மா எனக்கு முன்னால் இரண்டு வரிசை முடித்திருந்தார்.

ஒரு பாட்டிலுக்குச் சுமார் 1.1 கிலோ திராட்சை. அன்று நான் எத்தனை பாட்டிலுக்குப் பறித்தேன் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து கடையில் விலை கேட்டு முகம் சுளிப்பதை விட்டுவிட்டேன். காத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. பரோலோ குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்று போட வேண்டுமானால் 62 மாதம். நான் 2018-இல் பறித்த திராட்சை பாட்டிலாகி என் கைக்கு வந்தது 2022-இல். அதுவரை அந்தக் குடும்பம் எதில் சாப்பிடும்? டோல்செட்டோவில்தான். சில மாதத்திலேயே விற்றுவிடலாம். அவர்கள் வீட்டு மேசையில் தினமும் இருப்பதும் அதுதான். பரோலோ வீட்டில் திறந்தால் ஞானஸ்நானம், கல்யாணம், அல்லது யாராவது செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் பழைய கதை சொல்வார். அவர் அப்பா காலத்தில் இந்தக் குன்றுகளில் பெரும்பாலான சிறு விவசாயிகள் சொந்தமாகப் பாட்டில் அடைத்து விற்றதில்லை. திராட்சையை வண்டியில் ஏற்றி ஆல்பா சந்தைக்குக் கொண்டுபோவார்கள். வியாபாரி காலையில் வந்து பார்த்துவிட்டு விலை சொல்லாமல் போய்விடுவான். வெயில் ஏறும், பழம் தளரும், சாயங்காலம் திரும்பி வந்து பாதி விலை சொல்வான். வண்டியைத் திருப்பி ஓட்ட முடியாதே, கொடுத்துவிட்டு வருவார்கள். எனக்குச் சொல்லவே வேண்டாம். கமிஷன் மண்டியில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசியதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக டூரின் கார் தொழிற்சாலைக்கும் ஆல்பா சாக்லேட் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள். பக்கத்து பார்பரெஸ்கோவில் 1958-இல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார். ப்ரொடுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. இன்றும் நடக்கிறது, இன்றும் நெபியோலோ மட்டும்தான் செய்கிறது. கையில் குறைந்த காசு வைத்துக்கொண்டு இந்தத் திராட்சையைப் பழகிக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்டும் கதவு அது.

சிறு குடும்பங்கள் சொந்தப் பெயரில் பாட்டில் அடைக்கும் பழக்கம் வேகமெடுத்ததற்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. 1986-இல் இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கள்ளச்சாராயச் சாவுகளைப் படித்துப் படித்துப் பழகிய நமக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. ஏற்றுமதி படுத்துவிட்டது. அதன் பிறகு, இது யார் தோட்டம், யார் அடைத்தது என்ற கேள்விக்குப் பாட்டிலே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே சமயத்தில்தான் குடும்பங்களுக்குள் பீப்பாய்ச் சண்டை. பழைய ஆட்கள் ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய, குரோஷியாவின் ஸ்லவோனியா வட்டாரத்து ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைப்பார்கள். எலியோ ஆல்தாரே என்ற இளைஞர் பிரான்ஸைப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் பழைய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். அப்பா மன்னிக்கவே இல்லை. புதியவர்கள் 225 லிட்டர் கொள்ளும் சின்ன பாரிக் பீப்பாய்க்கு மாறினார்கள். எதிர் முகாமில் பார்த்தோலோ மாஸ்கரெல்லோ என்ற பழைய பாணி பரோலோக்காரர், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து இழுத்து, "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று தன் கையால் எழுதி வரைந்த லேபிளை ஒட்டினார். இன்று இரு பக்கமும் நடுவில் சந்தித்துவிட்டது. எனக்குப் பெரிய பீப்பாய்தான் பிடிக்கும். புது ஓக்கின் வனிலா வாசனை ரோஜாவை அமுக்கிவிடுகிறது என்பது என் கட்சி. நண்பனுக்கு இதில் உடன்பாடில்லை.

இனி, இந்த வருடங்களில் கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டவை.

லேபிளில் கோட்டை, கிரீடம் எல்லாம் யார் வேண்டுமானாலும் போடலாம். நான் பார்ப்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தை. "இம்பொத்திலியாத்தோ ஆல் ஒரிஜினே" என்று இருந்தால், விளைவித்தவரே அடைத்தது. வெறுமனே யாரோ ஒருவர் "அடைத்தார்" என்றிருந்தால் திராட்சையோ ஒயினோ வெளியிலிருந்து வாங்கியதாக இருக்கலாம். அதில் தப்பில்லை, ஆனால் குடும்பத் தோட்டம் என்று நினைத்து அந்த விலை கொடுக்காதீர்கள். தலையில் திராட்சைக் கூடை சுமக்கும் ஆள் படம் மூடியின்மேல் இருந்தால் அது 2008-இல் தொடங்கிய இத்தாலியச் சுயாதீனத் தோட்டக்காரர்கள் கூட்டமைப்பின் முத்திரை. சொந்தமாக விளைவித்து, செய்து, அடைப்பவர்களுக்குத்தான் அதில் இடம். பிரான்சில் "மீஸ் ஆன் புத்தேய் ஓ தொமேன்" என்ற வரி அதே வேலையைச் செய்யும்.

எந்தக் குடும்பத்தின் ஒயினையும் பரோலோவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் அவர்களுடைய லாங்கே நெபியோலோவை வாங்குங்கள். பல வீடுகளில் அது பரோலோ நிலத்து இளம் கொடிகளிலிருந்து வருவது. நான் பெரியவரிடம் 18 யூரோவுக்கு வாங்குகிறேன், பரோலோ அதைப்போல இரண்டரை மடங்கு. கைப்பக்குவம் பிடித்திருந்தால் மேலே ஏறலாம். சின்ன ஒயினை அசட்டையாகச் செய்கிறவர் பெரிய ஒயினை மட்டும் பக்தியோடு செய்வார் என்று நான் நம்புவதில்லை.

நேரில் போவதானால் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். இவை கடைகள் இல்லை, வீடுகள். ருசி காட்டுகிறவரே டிராக்டரும் ஓட்டுகிறவர். செப்டம்பர், அக்டோபரில் வேலை செய்வதானால் போகலாம், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ஆறு ஒயின் ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புவதும் நன்றாக இருக்காது, இரண்டு பாட்டிலாவது எடுங்கள். வாயில் வைத்துத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். முதல் தடவை எனக்குக் கூச்சமாக இருந்தது, வெற்றிலை போட்ட பாட்டி ஞாபகம் வந்தது. ஆனால் வளைவு வளைவான மலைப்பாதையில் திரும்பி ஓட்டவேண்டும், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு.

வருடத்தையும் கேளுங்கள். 2016 பொறுமை கேட்கும் வருடம். 2018 வசந்தம் முழுக்க மழை. அந்த ஒயின் லேசானது, சீக்கிரம் திறக்கலாம். பெரியவர் நான் வாங்கும் பாட்டிலின் லேபிள் மூலையில் பென்சிலால் ஒரு வருடத்தை எழுதிக் கொடுப்பார். அதற்கு முன் திறந்தால் அடுத்த தடவை விற்கமாட்டாராம். வயதான பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். இளசை இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வாயகன்ற ஜாடியில் ஊற்றி வைக்கலாம்.

நம் சாப்பாட்டோடு? மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹால் சூட்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். அதனால் பரோலோ வேண்டாம். துவர்ப்பு குறைவாகவும் புளிப்பு தூக்கலாகவும் உள்ள பார்பெரா, மிளகு போட்டு வறுத்த கறிக்கு அழகாகப் போகிறது. பரோலோவுக்கு நான் கண்ட உள்ளூர்த் துணை, அதே ஒயினில் மணிக்கணக்கில் வெந்த மாட்டுக்கறி. வேறு எதுவும் இல்லையென்றால் முற்றிய பாலாடைக்கட்டி.

ஊருக்குக் கொண்டுபோவதில் ஒரு சோகக் கதை. பயணிக்கு வரியில்லாமல் 2 லிட்டர் அனுமதி என்பதால் 2019-இல் இரண்டு பாட்டிலைப் புடவைகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். ஒன்றைத் திறந்தோம். இன்னொன்றை அடுத்த வரவுக்கு வைக்கச் சொல்லி மதுரையில் அக்கா வீட்டில் விட்டேன். விருந்தாளி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அக்கா அதைப் பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். கொரோனா வந்தது, நான் வரவில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே மூன்று கோடை. 2022-இல் இறக்கியபோது தக்கை கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது, கழுத்தில் பிசுக்கு. ஊற்றினால் பழுப்பு நிறத்தில், காய்ச்சிய புளித்தண்ணீரில் வெல்லம் போட்ட வாசனை. "ரசம் வைக்கலாமா?" என்றாள் அக்கா. நம் ஊர் வெயிலில் அலமாரியெல்லாம் ஆகாது, ஃபிரிட்ஜின் அடித்தட்டு எவ்வளவோ மேல். குடிக்கும்போதும் 16, 18 டிகிரி இருந்தால்தான் ருசி. மதுரையின் அறை வெப்பம் அதுபோல இரட்டிப்பு, ஆகவே முக்கால் மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும்.

போன வருடம் மே மாதம் அப்பாவை இங்கே கூட்டிவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனோம். இருவருக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை. பெரியம்மா கிளாஸில் 2018-ஐ ஊற்றினார், நான் பறித்த திராட்சை. அப்பா எப்போதாவது தொடுகிறவர். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "வாழைப்பூவைப் பச்சையாத் தின்ன மாதிரி இருக்குடா" என்று கிளாஸைத் தள்ளி வைத்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு எழுந்து தோட்டத்துக்குள் போய் இலையைத் திருப்பிப் பார்த்தார். மழை விடாமல் பெய்த வாரம் அது. இலையின் அடியில் விரலால் தடவி, "அடிச்சாம்பல் வரும்போலயே. என்ன அடிக்கிறாருன்னு கேளு" என்றார். கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் ஷெட்டுக்குள் கூட்டிப்போய் நீலம் படிந்த ஒரு வாளியைக் காட்டினார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும். 1880-களில் பிரான்சின் போர்டோ தோட்டங்களில் பிறந்த கலவை, அப்பா ஐம்பது வருடமாகப் போர்டோக் கலவை என்று பெயர் சொல்லித்தான் அடிக்கிறார். அது ஒரு ஊர்ப் பெயர் என்று அவருக்கு அன்றுதான் தெரியும். சுண்ணாம்பு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னாலா பின்னாலா என்று முக்கால் மணி நேரம் விரலாலும் சைகையாலும் பேச்சு. நான் நடுவில் தேவைப்படவே இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அப்பா பேச்சு மும்முரத்தில் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு வாய். பிறகு, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, காலி கிளாஸை மெதுவாகப் பெரியம்மா பக்கம் நகர்த்தினார்.